ஜே.ஆர்.எஃப். முடிந்துவிட்டது, ஆய்வேடு முடியவில்லை: கடைசி ஓராண்டுக்குப் பணத்துக்கு என்ன வழி?

கேள்வி: "தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) ஐந்தாண்டும் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. களப்பணி முடிந்தது, ஆறு இயல்களில் நான்கை எழுதிவிட்டேன். மீதியை எழுதி, திருத்தி, சமர்ப்பிக்க எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகும். வீட்டில் இனி பணம் கேட்க முடியாது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா? கௌரவ விரிவுரையாளர் வேலைக்குப் போய்விடலாமா?"

பதில்:

ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்கென்றே பணம் தரும் திட்டங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இருக்கிற உதவித்தொகைகளில் பெரும்பாலானவை ஆய்வைத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. புதிதாக ஒரு ஃபெலோஷிப் கிடைக்குமா என்று தேடுவதிலேயே உங்கள் நேரம் போய்விடக் கூடாது. அறிவிப்பு வந்து, விண்ணப்பித்து, தேர்வுக் குழு கூடி, முதல் தவணை வங்கிக் கணக்குக்கு வருவதற்குள் நீங்கள் ஆய்வேட்டையே சமர்ப்பித்திருப்பீர்கள். உங்களுக்கு இப்போது தேவை எட்டு மாதம் முதல் ஓராண்டு வரைக்குமான செலவு. அதை இரண்டு மூன்று இடங்களிலிருந்து சேர்த்துவிட முடியும். எங்கே முதலில் கை வைப்பது என்பதுதான் விஷயம்.

இந்த இக்கட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. ஜே.ஆர்.எஃப். இரண்டு ஆண்டு, அதன் பின் அதன் முதுநிலைக் கட்டமான எஸ்.ஆர்.எஃப். மூன்று ஆண்டு, ஆக ஐந்து. ஆனால் பட்டத்தை முடிக்க யு.ஜி.சி. விதிமுறை தரும் காலம் ஆறு ஆண்டு. அந்த ஆறாவது ஆண்டுக்கு யாருமே பணம் ஒதுக்கவில்லை. களப்பணி செய்யும் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு எழுத்து வேலை சூடுபிடிப்பதே அந்த ஆண்டில்தான். ஆகவே ஐந்தாண்டில் முடிக்கவில்லையே என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். நான்கு இயல்களைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் பின்தங்கியவர் இல்லை.

உங்கள் பதிவுத் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பருக்கு முன் பதிவு செய்தவர் என்றால் உங்களுக்கு 2016 விதிமுறை பொருந்தும், பின்னால் என்றால் 2022 விதிமுறை. இரண்டிலும் அடிப்படைக் காலம் ஆறு ஆண்டுதான், பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. 2022 விதிமுறையில் மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டு வாங்கலாம், ஆனால் மொத்தம் எட்டு ஆண்டைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த உச்சவரம்பு பத்து ஆண்டு. நீட்டிப்பு தேவைப்படும் என்று தோன்றினால் காலம் முடியும் முன்பே மனு கொடுங்கள். முடிந்த பிறகு கொடுத்தால் தாமதக் கட்டணம், பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதல் என்று பணமும் மாதங்களும் போகும்.

சரி, பணத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது உங்களுக்கு ஏற்கெனவே வர வேண்டிய பாக்கியை. "எனக்கு எல்லாம் வந்துவிட்டது" என்றுதான் பலரும் சொல்வார்கள். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆகவும், எஸ்.ஆர்.எஃப். 35,000-லிருந்து 42,000 ஆகவும் உயர்ந்தது. அந்தத் தேதியிலிருந்து உங்களுக்கு உயர்த்தப்பட்ட தொகை வந்திருக்கிறதா? இரண்டாண்டு முடிந்ததும் மூன்று பேர் குழு கூடி உங்களை எஸ்.ஆர்.எஃப்.-ஆக உயர்த்தியிருப்பார்கள். அந்தக் குழு தாமதமாகக் கூடியிருந்தால், இடைப்பட்ட மாதங்களின் வித்தியாசத் தொகை வந்ததா? விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே தங்கியிருந்தால் வீட்டு வாடகைப்படி கேட்டீர்களா? கடைசி இரண்டு மூன்று மாதங்களுக்கு, நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்ற மாதாந்திர உறுதிப்படுத்தலைப் பல்கலைக்கழகம் இணையதளத்தில் ஏற்றியதா?

இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உதவித்தொகை இணையதளத்தில் பல்கலைக்கழகத் தரப்பில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் பதிவு செய்பவர், அவரை மேக்கர் என்பார்கள். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருபவர், அவர் செக்கர். மேக்கர் உங்கள் பெயரைப் பதிவு செய்து செக்கர் ஒப்புதல் தராமல் விட்டிருந்தால் அந்த மாதப் பணம் வராது. நீங்கள் யு.ஜி.சி.க்கு எழுதும் மின்னஞ்சலுக்கும் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். எனவே நேரில் போங்கள். "எனக்குப் பணம் வரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் வேலை நடக்காது. வங்கிப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு மாதவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாதம், வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. அதன் கீழே எஸ்.ஆர்.எஃப். உயர்வு ஆணையின் நகல். இந்த ஒரு தாளைப் பார்த்ததும் பிரிவு அலுவலர் வேலையைத் தொடங்கிவிடுவார், ஏனென்றால் அவர் செய்ய வேண்டிய கணக்கை நீங்களே செய்துவிட்டீர்கள்.

அடுத்து கன்டின்ஜென்ஸி, அதாவது ஆய்வுச் செலவுகளுக்கென்று ஆண்டுதோறும் தரும் தொகை. கலை, சமூக அறிவியல் துறைகளில் முதல் இரண்டு ஆண்டுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பின்னர் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 20,500. அறிவியல் துறைகளுக்கு 12,000, 25,000. களப்பணிப் பயணம், புத்தகம், தட்டச்சு, தபால், எழுதுபொருள் எல்லாம் இதில் அடங்கும். ரசீது தொலைந்துவிட்டது, படிவம் நிரப்பச் சோம்பல், நெறியாளர் ஊரில் இல்லை என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையாகச் செய்த செலவுக்கு ரசீது இருந்தால் இன்றே பயன்பாட்டுச் சான்றிதழோடு கொடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்.ஆர்.எஃப். உயர்வு எட்டு மாதம் தாமதமாகி, மாதம் 5,000 வித்தியாசம் நின்றுபோயிருந்தால் 40,000. இரண்டு ஆண்டு கன்டின்ஜென்ஸி கேட்காமல் இருந்தால் 41,000. இரண்டும் சேர்த்து 81,000 ரூபாய். திருச்சியிலோ மதுரையிலோ பகிர்ந்துகொண்ட அறையில் மாதம் 15,000 ரூபாயில் சமாளிப்பவருக்கு இது ஐந்து மாதச் செலவு. புதிய உதவித்தொகை எதற்கும் விண்ணப்பிக்காமலேயே பாதி வழி வந்தாயிற்று.

அப்புறம் உங்கள் நெறியாளர். ஆய்வாளர்கள் இங்கேதான் மிகவும் தயங்குகிறார்கள். ஐந்தாண்டு முடிந்தது அவருக்குத் தெரியும், ஆனால் அடுத்த மாத வாடகைக்கு உங்களிடம் பணம் இல்லை என்பது தெரியாது. சொன்னால்தான் தெரியும். அவரிடமோ துறையில் வேறொருவரிடமோ இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) ஆய்வுத் திட்டம் நடந்துகொண்டிருக்கலாம். அவற்றில் ஆய்வு உதவியாளர், களப்பணியாளர் என்று ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு, மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஆள் எடுப்பார்கள். உங்களைப் போலக் களம் கண்டவர், நேர்காணல் எடுக்கத் தெரிந்தவர், தரவைத் தொகுத்து அட்டவணை போடத் தெரிந்தவர் கிடைத்தால் திட்ட இயக்குநர்கள் விடமாட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தோடு நிறுத்தவும் வேண்டாம். சென்னை அடையாறில் உள்ள மெட்ராஸ் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களின் அறிவிப்புகளையும் பாருங்கள்.

முழுநேர ஆய்வாளராகப் பதிவில் இருந்துகொண்டே திட்டத்தில் சம்பளம் வாங்கலாமா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஜே.ஆர்.எஃப். ஓடிக்கொண்டிருக்கும்போது வாங்கக் கூடாது, இப்போது அந்தத் தடை உங்களுக்கு இல்லை. இருந்தாலும் ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். "சும்மா சேர்ந்துக்கோ, யார் கேட்கப் போகிறார்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்தில்தான் யாராவது கேட்பார்கள்.

வெளித் திட்டங்களைப் பொறுத்தவரை, விளம்பரத்தின் தகுதிப் பத்தியில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: ஏற்கெனவே வேறு உதவித்தொகை பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாமா, கூடாதா? ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முனைவர் பட்ட உதவித்தொகை, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஃபெலோஷிப்கள், பெற்றோருக்கு ஒரே பிள்ளையாக இருக்கும் பெண்களுக்கான சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே ஃபெலோஷிப் எல்லாமே நல்ல திட்டங்கள். ஆனால் ஐந்தாண்டு ஜே.ஆர்.எஃப். வாங்கி முடித்தவர் இவற்றில் நுழைவது கடினம். தமிழக முதலமைச்சரின் ஆராய்ச்சி ஊக்கத்தொகை மாதம் 25,000 ரூபாய், அதுவும் தேர்வு எழுதி ஆய்வின் தொடக்கத்திலேயே பெற வேண்டியது. உங்களுக்குப் பின்னால் வரும் இளையவர்களிடம் இவற்றைச் சொல்லுங்கள், அவர்களுக்கு மிகவும் பயன்படும்.

ஒன்று மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்த முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. ஆண்டுதோறும் விண்ணப்பம் கோருவார்கள், குடும்ப வருமான வரம்பு உண்டு. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் படிக்கும் உங்கள் நண்பர்களில் தகுதியுள்ளவர்கள் இருந்தால் அவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

நண்பர்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் செய்பவர்களுக்கு யு.ஜி.சி. தரும் தொகை மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப்போவதாகச் சொன்னபோது டெல்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தின் முன் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். அதனால்தான் அந்தத் தொகையாவது இன்றும் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பலருக்கு அதுகூட இல்லை. ஆறாவது ஆண்டு மட்டும் அல்ல, முதல் ஆண்டிலிருந்தே வெறுங்கையோடு ஆய்வு செய்கிறவர்கள் அவர்கள். கடைசிக் கட்ட ஆய்வாளர்களுக்கு ஓராண்டு முடிப்பு உதவித்தொகை என்று ஒன்றை மாநில அரசோ பல்கலைக்கழகங்களோ தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஐந்து ஆண்டு செலவழித்துவிட்டு ஆறாவது ஆண்டில் கைவிடுவது, போட்ட பணத்தையும் வீணாக்குவது.

இப்போது கௌரவ விரிவுரையாளர் கேள்வி. அரசுக் கலைக் கல்லூரிகளில் அந்த ஊதியம் 2023-இல் மாதம் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் நிலையில் அது பெரிய தொகைதான், ஆசை வருவது நியாயம். என் கருத்து: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வரை போகாதீர்கள். முதல் முறை பாடம் எடுப்பவருக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு வேண்டும். அதற்கு மேல் உள்மதிப்பீடு, விடைத்தாள், தேர்வுப் பணி, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு வேலை. மாலை ஆறு மணிக்கு அறைக்கு வந்து ஐந்தாவது இயலைத் திறந்தால் கண் சொருகும். அப்படிச் சேர்ந்து நான்காண்டு கழித்தும் அதே நான்கு இயல்களோடு இருப்பவர்களை எனக்குத் தெரியும். தவிர, முழுநேரப் பதிவில் இருந்துகொண்டு அந்த வேலையில் சேர முடியாது, பகுதிநேரமாக மாற்ற வேண்டும், அதற்கு வேலை தருபவரின் தடையில்லாச் சான்று வேண்டும், மாற்றத்துக்குக் கட்டணமும் கட்ட வேண்டும்.

வேலை செய்துதான் ஆக வேண்டும் என்றால் நேரத்தை நீங்களே தீர்மானிக்கக்கூடிய வேலையாகப் பாருங்கள். மொழிபெயர்ப்பு, நேர்காணல் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது, மெய்ப்புப் பார்ப்பது, வார இறுதியில் நெட் பயிற்சி வகுப்பு. 2022 விதிமுறையே ஆய்வாளருக்கு வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்கிறது. அந்த அளவுதான் எழுத்தைக் கெடுக்காத அளவு. அந்தப் பணிக்கு மதிப்பூதியம் தர முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள்.

வெளிநாட்டு வாய்ப்புகளையும் கேட்பீர்கள் என்று தெரியும். ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு ஃபெலோஷிப், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் குறுகிய கால உதவி, இன்லாக்ஸ் அறக்கட்டளையின் ஆய்வு, பயண உதவி இவையெல்லாம் இந்தியாவில் பதிவு செய்த ஆய்வாளர்களுக்கானவைதான். ஆனால் விண்ணப்பத்துக்கும் பயணத்துக்கும் இடையே பல மாதங்கள், சிலவற்றில் ஓராண்டு ஆகும். லண்டன் ஆவணக் காப்பகத்தைப் பார்க்காமல் ஆய்வு நிற்காது என்ற நிலை இருந்தால் போகலாம். எழுதி முடிக்கப் பணம் வேண்டும் என்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம்மவர்களின் நிலை வேறு. அங்கே கடைசி ஆண்டு எழுத்துக்கென்றே உதவித்தொகைகள் இருக்கின்றன. வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு ஹாரி ஃபிராங்க் குகன்ஹைம் அறக்கட்டளை தருவதற்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கல்வி ஆய்வுகளுக்கு ஸ்பென்சர் ஃபெலோஷிப் உண்டு.  அங்கேயும் வாசல் குறுகிக்கொண்டுதான் வருகிறது. மெலன் அறக்கட்டளை, அறிஞர் சங்கங்களின் கூட்டமைப்பான ஏ.சி.எல்.எஸ். இரண்டும் சேர்ந்து பல ஆண்டுகள் நடத்திய ஆய்வேடு முடிப்பு ஃபெலோஷிப் நின்று, அந்தப் பணம் ஆய்வின் முன்கட்டத்தில் இருப்பவர்களுக்குத் திருப்பப்பட்டுவிட்டது. அதனால் பழைய பட்டியல்களை நம்பாமல், அந்தந்த அமைப்பின் இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டே எழுத உட்காருங்கள்.

எங்கே விண்ணப்பித்தாலும், யாரிடம் கேட்டாலும், கடைசிக் கட்ட ஆய்வாளரிடம் அவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் முடிப்பாரா? தலைப்பின் முக்கியத்துவத்தைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டாம், அதெல்லாம் ஐந்து வருடம் முன்பு எழுதியது. இப்படி எழுதுங்கள்: "இயல் 1 முதல் 4 வரை நெறியாளர் ஒப்புதல் பெற்றவை. இயல் 5-க்கான நேர்காணல்கள் முழுவதும் எழுத்தாக்கப்பட்டு வகைப்படுத்தப்பட்டுள்ளன, முதல் வரைவு ஆகஸ்ட் 31. இயல் 6 அக்டோபர் 15. சமர்ப்பிப்புக்கு முந்தைய கருத்தரங்கு டிசம்பர் முதல் வாரம்." இதோடு முடிந்த ஓர் இயலையும் இணையுங்கள். நெறியாளர் கடிதத்திலும் "இவர் கடின உழைப்பாளி" என்பதற்குப் பதிலாக, எந்த இயல்களைத் தான் படித்து ஒப்புதல் தந்தார், எந்தத் தேதிக்குள் சமர்ப்பிக்க முடியும் என்பது இருக்க வேண்டும். அவர் வேலையில் மூழ்கியிருந்தால் இந்த விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதி நீங்களே கொடுங்கள், தவறாக நினைக்கமாட்டார்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். கருத்துத் திருட்டுச் சோதனைக்கு வெளியில் காசு கொடுக்காதீர்கள், பல்கலைக்கழக நூலகத்திலேயே அதற்கான மென்பொருள் இருக்கும். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். 2022 விதிமுறையில் கட்டுரை வெளியீடு கட்டாயம் இல்லை, உங்கள் பல்கலைக்கழகம் கேட்டாலும் பணம் கேட்காத நல்ல இதழ்கள் பல உண்டு. பல்கலைக்கழக வாசலில் ஆய்வேடு "முடித்துத் தருகிறோம்" என்று தொலைபேசி எண் ஒட்டியிருப்பார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். அவர்கள் எடுப்பது பணத்தை மட்டும் அல்ல, உங்கள் ஐந்து வருட உழைப்பையும்தான்.

கடன் கடைசி வழி. வீட்டு நகையை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வங்கியில் வையுங்கள், வட்டிக்கடையில் வேண்டாம். அதையும் ஆய்வேட்டை அச்சிட்டுக் கட்டும் அந்தக் கடைசி மாதத்துக்கு, சமர்ப்பிப்புக் கட்டணத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்க ஆரம்பித்தால் மனம் எழுத்தில் நிற்காது.

சமர்ப்பித்த பிறகும் ஒரு வறண்ட காலம் இருக்கிறது. சமர்ப்பித்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். கௌரவ விரிவுரையாளர் வேலைக்குப் போக அதுதான் சரியான நேரம். எழுத வேண்டியது முடிந்திருக்கும், வகுப்பறை அனுபவமும் சேரும். எனவே கல்லூரிகள் ஜூனில் திறக்கும் முன் சமர்ப்பிக்க முடியுமா என்று உங்கள் கால அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். முடியும் என்றால் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் மாதங்கள் முழுக்கச் சம்பளத்தோடு இருக்கும். அறிவியல் துறை நண்பர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, தேசிய முதுமுனைவர் ஃபெலோஷிப்புக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் பதிவுத் தேதி, எஸ்.ஆர்.எஃப். உயர்வு ஆணையின் தேதி, கன்டின்ஜென்ஸி எந்தெந்த ஆண்டு வாங்கினீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். பாக்கி எவ்வளவு என்று சேர்ந்து கணக்குப் போட்டு, மனுவை எப்படி எழுதுவது என்றும் சொல்கிறேன்.